காப்பகம் கேட்ட கோரிக்கை

சங்கச் செயலாளரும் என் வீட்டுக்காரருமானவருக்கு,

என்னைக் கேட்காமல் என் உழைப்பை முதலாளிக்கு இனாமாகக் கொடுத்துவிட்டீர்கள். ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று பெண்கள் வைத்த கோரிக்கையை நேற்றுப் பேச்சுவார்த்தையில் நீங்களே கைவிட்டீர்கள்.

அதே ஆலையில் வேலை செய்யும் நம் மருமகள்தான் வந்து சொன்னாள். "காப்பகம் எதுக்கு, வீட்ல கிழவி சும்மாதானே இருக்கான்னு மாமா சொன்னாராம், அத்தை. முதலாளி விழுந்து விழுந்து சிரிச்சாராம்."

உங்கள் அலமாரியில் இருக்கும் தொழிலாளர் உரிமைப் புத்தகங்களை நானும் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். நீங்கள் மேடையில் சொல்லும் பக்கங்களோடு நிறுத்தவில்லை. இத்தனை வருடம் தினமும் உங்களைத் தேற்றி, மறுநாள் இயந்திரத்தின் முன் நிற்கத் தெம்புள்ள ஆளாக அனுப்பியது யார்? அடுத்த தொழிலாளியாக மகனை வளர்த்துக் கொடுத்தது யார்? முதலாளிக்கு இதில் ஒரு செலவும் இல்லை. இதற்குப் பாசம் என்று பெயர் வைப்பதில் மட்டும் நீங்களும் அவரும் ஒரே கட்சி. பகலெல்லாம் நான் பார்த்துக்கொள்ளும் பேத்தி மேல் எனக்குப் பாசம் உண்டு. அதைப் பேரத்தில் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

"பேசாம நான் வேலையை விட்டுடட்டுமா, அத்தை?" என்று மருமகள் கேட்டாள்.

"விடு. அப்புறம் எனக்குத் துணையா நீயும் கிழவியாகு" என்றேன்.

நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன். கோரிக்கையை நீங்கள் மறுபடி வைக்க வேண்டும். அதுவரை மகன் விடுப்பு எடுக்கட்டும்; சமையலும் பால் புட்டியும் அவன் பொறுப்பு. மருமகள் நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் முதலாளிக்கு எதிரே, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி