நீ அழிக்கக் கொடுத்த கதைகள்

இன்று காலை திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக் கூட்டத்தில், வேப்பிலையும் குங்குமமும் வியர்வையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. உடம்பெல்லாம் குங்குமம் பூசிய வேஷக்காரன் ஒருவன் என் வழுக்கையில் தொடங்கி வம்சம் வரைக்கும் தெலுங்கில் திட்டி வாரினான். இங்கே வேஷம் கட்டியவன் திட்டினால் அது அம்மன் வாக்கு, யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீ செத்துப்போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான். அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது!

கூடப் படித்தவர்கள் டல்லாஸ், சிங்கப்பூர் என்று பறந்துவிட்டார்கள். எனக்கு விசா மறுத்தார்கள். நீ விசா கேட்கவே இல்லை. நகரியில் தறி ஓட்டிவிட்டு, திருப்பதிக்கு பஸ் ஏறி வந்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவர்களுடைய இணையக் குழுவில் பேய்க்கதை எழுதுவாய். பிணங்களின் பல்லைக் கோத்து மாலை போடும் அரசி! சுவர்ணமுகி ஆற்று மணலுக்கடியில் மனிதர்களைத் தின்று வளரும் நகரம்! நேராகத் திரையிலேயே அடித்து அனுப்புவாய், பிரதி வைக்கமாட்டாய். "காப்பி இன்னாத்துக்குடா? அங்கதான் கீதே!"

பிறகு டல்லாஸ்காரன் ஒரு கதை போட்டான். பூதம் ஒரு பெண்ணைக் கிழித்துத் தின்கிறது. பெயர், தெரு, வேலை எல்லாம் நிஜம். அவனைக் கட்டிக்கொள்ள மறுத்த, நம் வகுப்பில் படித்த புத்தூர்ப் பெண்.

குழுவை நடத்திய சிங்கப்பூர்க்காரருக்கு நீ போன் போட்டாய், நானும் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். "அண்ணா, அத்த தூக்கிடுங்க."

"நீ எழுதாத ரத்தமா?"

"வேசம் கட்னவன் ஊரையே திட்லாம்ணா. ஒருத்தி வூட்டு வாசல்ல நின்னுக்கினு பேர் சொல்லித் திட்னா அது சாமி இல்ல, ரௌடித்தனம்."

"உன் கதை மேலயும் புகார் இருக்கு. தூக்கினா ரெண்டு பேருதையும் தூக்கணும். அதுதான் நடுநிலை."

வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டே, "சரி, தூக்குங்க" என்றாய்.

அவனுடைய அந்தக் கதையோடு உன் கதைகள் எல்லாமே போயின. கூடவே உன்னையும் நீக்கினார்கள், டல்லாஸ்காரனை வைத்துக்கொண்டார்கள். "உடுடா, வேற எழுதிக்கலாம். டீ சொல்லு" என்றாய். எழுதவில்லை. நீ மன்னித்தாய், நான் மன்னிக்கவில்லை. உன் நினைவு மலருக்குக் கதை கேட்டு அந்தச் சிங்கப்பூர்க்காரர் சமீபத்தில் கூப்பிட்டார். "நீங்கதானே அழிச்சீங்க?" என்று கேட்டு போனை வைத்தேன். அந்தச் சுகம் இன்னும் நாக்கில் இனிக்கிறது.

இன்று ஜாத்திரையில் அந்தப் புத்தூர்ப் பெண்ணைப் பார்த்தேன். ஆமாம், அவளையேதான்! மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாப்பா, நல்லா கீறியா? நம்ம கிளாஸ்ல உன்கூடவே சுத்திக்கினு என்னமோ எழுதுவானே, எப்படி கீறான்?"

நீ போனதைச் சொன்னேன். மகளைக் கூட்டத்திலிருந்து ஓரமாக இழுத்துக்கொண்டு நின்றாள். "அடப்பாவமே. அவன் கதை ஒண்ணுகூட நான் படிச்சதில்லப்பா."

ஏன் படிக்க முடியாமல் போயிற்று என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக உன் கதை ஒன்றை ஆரம்பித்தேன். பம்பைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னேன். உன் வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன! அத்தனையும் எனக்குள் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது.

"ச்சீ, இன்னாப்பா இப்படி எழுதிக்கீறான்!" என்று மகளின் காதைப் பொத்தினாள்.

பொத்திய கையை எடுக்காமலே என் பக்கம் சாய்ந்து, "அப்பறம்?" என்றாள்.