வாத்தியார் துப்பாக்கிக்கு விலை பேசியது

என் பிரியமானவளுக்கு, சலாம்.

பேரன் மடியில் இருந்தால் நீ போனில் ஒழுங்காகக் கேட்பதில்லை. அதனால் துபாய்க்கு வருகிறவரிடம் முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸ் கிடைத்ததல்லவா. கடையில் புதுத் துப்பாக்கியின் விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. பாளையங்கோட்டையில் ஞானசிகாமணி வாத்தியார் தன்னுடையதை விற்கிறார் என்று கடைக்காரரே சொன்னார். கீரைக்காரியிடம்கூட விலை குறைக்கத் தெரியாதவன் என்பாயே, நேற்று என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

வாசலிலேயே அவர் மகன் சுபின் என் கையைப் பிடித்துக்கொண்டான். “என்ன விலைக்குன்னாலும் எடுத்துட்டுப் போயிருங்க பாய். அம்மா இறந்ததுல இருந்து அப்பா யார்ட்டயும் பேச மாட்டேங்காவ. அது வீட்டுல கெடந்தா எனக்கு உறக்கம் வரல.”

பாதி விலைக்கே முடித்திருக்கலாம். நான் உள்ளே போய், துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்து, “கட்டையில கீறல் கெடக்கே, சார்” என்றேன்.

வாத்தியார் நிமிர்ந்தார். “குழலுக்குள்ள பாத்தீரா வே? கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன்.”

பிறகு சாயங்காலம் வரை வாக்குவாதம்தான். ஒருமுறை கோபித்துக்கொண்டதுபோல் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அவரே கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி போடச் சொன்னார். சுபின் அடுக்களையில் நின்று கண்ணைத் துடைத்தான்.

கடைசியில் அவர் சொன்ன விலையையே கொடுத்தேன். திட்டாதே. அடுத்த வாரமும் சும்மா வரச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நீ போனபின் வீடு கொஞ்சம் அமைதி, அவ்வளவுதான். துப்பாக்கியை மட்டும் நீ வரும்வரை கடையிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டேன். அதுவரை பன்றிகள் கிழங்கைத் தின்றுவிட்டுப் போகட்டும்.

உன் வீட்டுக்காரன்