சட்டைக்குள் தைக்கும் பெயர்

யூக்லினுக்கு,

அம்மாவின் இருமல் தேவலையா? நான் சுகம். இங்கே பயப்பட ஒன்றுமில்லை.

ரயில் பாதைக்கு மலையை உடைத்தபோது பாறை சரிந்து, கூடாரத்தில் எனக்கு அடுத்துப் படுப்பவன் போய்விட்டான். எலும்பையாவது கப்பலில் ஊருக்கு அனுப்பலாமென்று மேஸ்திரியிடம் அவன் முழுப்பெயர் கேட்டோம்.

"ஆ-சுங்னுதான் எழுதியிருக்கு. சீனக்காரங்க உங்கள்ல பாதிப் பேரு ஆ-சுங்தானேடா!" என்று சிரித்தான். குடும்பப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கேயே புதைத்தோம்.

பட்டியலில் நானும், வீட்டில் கூப்பிடுவதுபோல, வெறும் ஆ-ஃபூக்தான்.

பஞ்சுச் சட்டை அனுப்பும்போது, நம் வழக்கப்படி கல்யாணத்தன்று எனக்குப் புதிதாக வைத்த பெயரைக் குடும்பப் பெயரோடு சேர்த்து உள்பக்கம் தைத்துவிடு. சிவப்பு நூல் வேண்டாம், உயிரோடு இருப்பவன் பெயருக்கு அது ஆகாது. கடிதம் கொண்டுபோகிறவர் அவசரப்படுத்துகிறார்.

தைக்கும்போது அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல். இங்கே யாரும் சொல்வதில்லை.

உன் கணவன்