வேங்கைத் தூணுக்குள் ஒரு சோடாக் கோலி

நண்பா,

காலையில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி மேசை இழுப்பறையை வேகமாக இழுத்தேன். உள்ளே ஏதோ ஒன்று பின்னாலிருந்து கடகடவென்று ஓடிவந்து பலகையில் முட்டி நின்றது. சீட்டு கிடைக்கவில்லை, கோலிதான் கிடைத்தது. சோடா பாட்டிலை உடைத்து எடுத்த, லேசாகப் பச்சை ஓடிய கண்ணாடிக் கோலி. அது உன்னுடையது. இத்தனை வருடமும் என்னிடம் இருக்கிறது. நீ கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

மரத்துக்குள் கோலி உருளும் சத்தம் உனக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அதை உனக்கு எதிரான சாட்சியாக மட்டும்தான் நான் கேட்டேன்.

என் குணம் உனக்குத் தெரியாததா? பாலை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தூங்கினால் நிஜமாகத் தூங்குகிறாரா என்று இரண்டு முறை பார்ப்பேன். "முனி, உன் நிழலு உன்கூட வர்றதுக்கே நீ காரணம் கேப்ப" என்பாய். கேட்டுவிட்டு நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, எதற்காக இதைச் சொல்கிறான் என்றும் யோசிப்பேன்.

பெங்களூர் ஆஸ்டின் டவுன் சந்தில் நம் கடைசல் பட்டறை. கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடிக் கம்பு என்று கடைந்துகொண்டிருந்த நமக்கு, தொண்ணூறுகளின் நடுவில், ஊருக்கு வெளியே கட்டிய ஒரு பண்ணை வீட்டிலிருந்து வேலை வந்தது. தோட்டத்தில் நிறுத்த விளக்குத் தூண்கள். ஒவ்வொன்றும் ஒன்பதடி வேங்கை. மின்கம்பி வெளியே தெரியக்கூடாது, தூணின் நடுவிலேயே ஓட வேண்டும். ஒன்பதடி மரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரல் பருமனில் நேரான ஓட்டை. முடியாது என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றேன் நான். நீ ஒரு வாரம் குஜரிக் கடைகளில் பழைய இரும்பைக் கிளறிவிட்டு, கைவண்டி நிறையச் சாமானோடு வந்தாய். உடைந்த லேத்தின் அடிப்பாகம், இரண்டு நீளமான இரும்புச் சட்டம், ஒரு மோட்டார், பத்தடிக் கம்பி. கம்பியின் நுனியில் கரண்டி போல் வளைத்த அலகை நீயே காய்ச்சி அடித்தாய்.

அந்த இயந்திரத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தேகம்தான். எல்லா ஊரிலும் துளைக்கும் அலகுதான் சுற்றும், மரம் சும்மா இருக்கும். உன் இயந்திரத்தில் மரம் சுற்றியது. அலகு அசையாமல் நீட்டிக்கொண்டு நின்றது. தலைகீழாகக் கட்டிவிட்டான் என்று நினைத்தேன்.

"இன்னாடா இது, கட்டைய போய் சுத்த வுட்டிருக்க?"

"அலகு சுத்துனா அதும் இஷ்டத்துக்கு ரேகையப் புடிச்சிக்கினு ஓரமாப் பூடும். கட்டை சுத்துச்சுன்னா எந்தப் பக்கமும் அத இழுக்காது. நடுவுலயே நிக்கும். நீ பேஜார் பண்ணாம மெழுகுவத்தி எடு."

மெழுகுவத்தி நம் இருவருக்கும் இடையில் ஒரு வழக்கம் ஆயிற்று. ஓட்டை மறுமுனைக்கு வந்ததும் கொட்டகைக் கதவைச் சாத்தி இருட்டாக்குவோம். நான் ஒரு முனையில் மெழுகுவத்தியை ஏற்றிப் பிடிப்பேன். நீ மறுமுனையில் மண்டியிட்டு ஓட்டையில் கண்ணை வைப்பாய். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் ஓட்டை நேர். ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் கோணல். "முழு நிலா!" என்று நீ கத்தினால்தான் அந்தத் தூண் வெளியே போகும். முதல் தூணுக்கு நீ கத்திய கத்தலில், எதிரே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் என்ன ஏது என்று ஓடிவந்தார்.

முதல் வேலை நன்றாக முடிந்தது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து கேட்டு வந்தார்கள். அதன் பிறகுதான் நீ மாற ஆரம்பித்தாய். அல்லது நான் உன்னைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

மெழுகுவத்தி பிடிக்க என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினாய். "நானே பாத்துக்கறேன், நீ கடைசலப் பாரு" என்று கொட்டகையை உள்ளே தாழிட்டுக்கொண்டாய். வெளியே நின்று காது கொடுத்தால், மரத்துக்குள் எதையோ கொட்டுவது போல் ஒரு சத்தம் ஓடி முடியும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். பென்சிலால் மெல்லிய கோடு போட்டு மையம் குறித்தவன், தடித்த சிவப்புச் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட ஆரம்பித்தாய். யாருக்கு அடையாளம் வைக்கிறான் என்று எனக்குள் ஓடியது. கரண்டி அலகு வாரிப் போட்ட மரச்சுருளைச் சாயங்காலம் சாக்கில் கட்டி நீயே வீட்டுக்குத் தூக்கிப் போனாய். ஒரு நாள் பிரேசர் டவுன் மார்க்கெட்டில், எனக்குத் தெரியாத ஓர் ஆளோடு எதிரே வந்தாய். கையை உயர்த்தினேன். என் முகத்தை நேராகப் பார்த்தபடி ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போனாய்.

அந்தக் காலம் அப்படிப்பட்டது. காட்டிலிருந்து சந்தனக்கட்டை கடத்துகிறவர்களைப் பற்றி டீக்கடையெல்லாம் ஒரே பேச்சு. வனத்துறை ஜீப் மரப் பட்டறைகளில் வந்து நிற்கும். தமிழ் பேசுகிற மரக்காரன் என்றால் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்பார்கள். ஒன்பதடி நீளத்துக்குத் துளை போட்டு, இரு முனையையும் தக்கை அடித்து மூடிய வேங்கைத் தூணுக்குள் என்ன வைத்து அனுப்பினாலும் யாருக்குத் தெரியும்? இந்த யோசனை ஒரு தடவை எனக்குள் நுழைந்தது. பிறகு வெளியே போகவில்லை. வண்டு புகாமலிருக்கத் தக்கை அடிக்கச் சொன்னவனே நான்தான் என்பதுகூட மறந்துபோயிற்று. உன் சட்டையில் சந்தன வாசம் அடிப்பதாகத் தோன்றியது. நம் ஊரில் பாதிப் பேர் சந்தன சோப்பில்தான் குளிக்கிறார்கள். அதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பட்டறையைச் சீல் வைப்பார்கள், இருவரையும் உள்ளே தள்ளுவார்கள், என் பெண்ணின் கல்யாணம் நிற்கும் என்று வரிசையாகக் கற்பனை செய்தேன்.

ஒரு நாள் காலை, உன்னைச் சோதிப்பது என்று முடிவு செய்தேன். "இன்னிக்கு நான் மெழுகுவத்தி புடிக்கறேன்" என்று கொட்டகைக்குள் வந்தேன். நீ கொஞ்சம் தயங்கிவிட்டு மறுமுனைக்குப் போனாய். கதவைச் சாத்தினேன். தீப்பெட்டியை உரசி மெழுகுவத்தியை ஏற்றினேன். ஏற்றிவிட்டு, இடது உள்ளங்கையால் ஓட்டையை இறுக்கி மூடினேன். நீ மண்டியிட்டுக் கண்ணை வைப்பது தெரிந்தது.

"தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. முழு நிலா."

என் கை ஓட்டையின் மேலேயே இருந்தது. உள்ளங்கையில் அந்த வட்டம் பதியும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தேன். மாட்டினாய் என்று நினைத்தேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்கிறவனுக்கு ஓட்டை நேரா கோணலா என்பதில் அக்கறையே இல்லை, அவனுக்கு வேறு ஏதோ வேலைக்கு ஓட்டை வேண்டியிருக்கிறது. இதுதான் அன்று என் கணக்கு.

மத்தியானம் நீ சாப்பிடப் போனபோது, சுவரோரம் பல நாளாக ஒதுக்கி வைத்திருந்த தூணிடம் போனேன். சிவப்புச் சாக்கட்டியில் பெரிய குறி போட்டு, யாரும் தொடக்கூடாது என்று நீ சொல்லியிருந்த தூண். ஒரு முனையைத் தூக்கினேன். உள்ளே ஏதோ ஓடியது.

நீ வந்ததும் பட்டறையில் இருந்த நாலு பேர் முன்னால் கேட்டேன்.

"இத்துக்குள்ள இன்னா வச்சிருக்க?"

உன் முகம் சுருங்கியது. "ஒண்ணும் இல்லியே."

"ஒண்ணும் இல்லன்னா இன்னா உருளுது?"

"வுடு முனி. அப்புறம் சொல்றேன்."

தக்கையைப் பிடுங்கிப் பார்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. அறுத்தால்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்று ரம்பத்தை எடுத்தேன். நீ தடுக்கவில்லை. ஒன்பதடி வேங்கையை நட்டநடுவில் இரண்டாக அறுத்தேன். இதை எழுதும்போது அந்த மரத்தூள் மூக்கில் ஏறுகிறது.

இரண்டு துண்டும் பிரிந்தன. சந்தனம் இல்லை. இறுகிய மரச்சுருள் கொஞ்சம் உதிர்ந்தது. கூடவே ஒரு சோடாக் கோலி விழுந்து தரையில் உருண்டு உன் கால் பக்கத்தில் நின்றது. நீ குனிந்து தரையைக் கையால் தடவினாய். கோலி உன் செருப்பை ஒட்டியே கிடந்தது. நீ அதைத் தாண்டித் தாண்டித் தடவினாய். நடிக்கிறான் என்று நினைத்தேன். நானே எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், அறுபட்ட தூண் இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பிக் கேட்டாய்.

"நேரா இருக்கா, முனி?"

கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். பதில் சொல்லவில்லை. திருட்டுப் பட்டம் கட்டியவனிடம் ஒருவன் ஓட்டையைப் பற்றியா கேட்பான்? நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனாய். அதன் பிறகு பட்டறைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. நாலு வருடம் கழித்து மாரடைப்பில் நீ போனதாகச் செய்தி வந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் உன் வீட்டு வாசல்வரை வந்தேன். மாலையை வைத்துவிட்டு, உன் மனைவி ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். அப்போதுகூட, வேறு தூண்களில் இருந்திருக்குமோ என்று ஒரு மூலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அது உண்மை.

போன வாரம் மகன் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். எனக்கு இடது கண்ணில் புரை. பார்வை போய்விட்டது என்று தெரிந்தால் பட்டறையை மூடச் சொல்வான். அதனால், நர்ஸ் வலது கண்ணைச் சோதிக்கும்போதே அட்டையில் இருந்த எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டேன். டாக்டர் வந்து வலது கண்ணை மூடிவிட்டுப் படிக்கச் சொன்னார். கடகடவென்று கடைசி வரிவரை ஒப்பித்தேன். டாக்டர் இளம் பெண். சிரித்தாள்.

"அங்கிள், கார்டை நான் மாத்திட்டேனே."

மகன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் என்னைப் பொய்யன் என்று நினைக்கவில்லை. குனிந்து, இடது கண் மோசம் என்று எழுதினாள். நான் உன்னிடம் செய்த அதே சோதனை. அதே பொய். அவள் உடனே கண்ணைப் பார்த்தாள். நான் தூணை அறுத்தேன்.

சிவப்புச் சாக்கட்டி, மார்க்கெட், தரையைத் தடவிய கை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேராக ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு ஆட்டோ பிடித்தேன்.

ஸ்டெல்லா கதவைத் திறந்து, உள்ளே கூப்பிடாமல் நின்றாள். என்ன வேண்டி வந்திருக்கிறான் என்று அவள் கண்ணில் இருந்தது. அது எனக்கு நன்றாகப் பழகிய பார்வை.

"ஸ்டெல்லா, அவனுக்குக் கண்ணு எப்டிம்மா இருந்துச்சு?"

அங்கேயே நின்றபடி சொன்னாள்.

"கண்ணுல பிரஷர்ணா. ரெண்டு கண்ணும் கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. என் தம்பிதான் கைய புடிச்சுக்கினு ஆஸ்பத்திரிக்கு இட்னு போவான். ஓட்டைல கோலிய உருட்டிவுட்டு, காத வச்சுக் கேப்பாராம். தடங்கல் இல்லாம ஓடுனா நேருன்னு அர்த்தமாம். ஒரு தூணுல மட்டும் கோலி வெளியவே வரல. யாரும் பாக்கக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் தக்கைய அடிச்சு வச்சுட்டாரு. சுருள் அடச்சிருக்கா, ஓட்டையே கோணலான்னு தெரியலன்னு பத்து நாளு சோறு எறங்கல அவருக்கு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்களா? கண்ணு தெரியாதவன் போட்ட ஓட்டைன்னு தெரிஞ்சா, போன தூணையெல்லாம் திருப்பி வாங்கி அறுத்துப் பாப்பான் முனின்னாரு. அவனா வந்து கேக்கட்டும், சொல்றேன்னாரு. நீங்க கேக்கவே இல்லியே அண்ணா."

மரச்சுருளைப் பற்றியும் கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியுமா? "வெந்நீர் போட" என்றாள். அப்புறம்தான் உள்ளே கூப்பிட்டாள்.

உன்னைக் கவனித்தேன், கதவில் காது வைத்தேன், கையால் ஓட்டையை மூடினேன், தூணை அறுத்தேன். உன் கண்ணுக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அதைக் கேட்டிருந்தால் நான் மெழுகுவத்தியை விட்டு உன் பக்கம் வந்து கண் வைத்திருப்பேன், நீ இயந்திரத்தை ஓட்டியிருப்பாய். அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டியிருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேஷன். சந்தேகம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் நீயே நம்பமாட்டாய். அந்த டாக்டர் பெண் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறாள் என்று மகனை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். கோலியை ஸ்டெல்லாவிடம் கொடுக்கத்தான் நினைத்தேன். மனம் வரவில்லை. அதோடு, உன் கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

அன்று அறுத்த முகத்தை நான் பார்த்தேன். முதலில் பார்த்ததே அதைத்தான், கோலி விழுவதற்கும் முன்னால். ஒன்பதடியில் நாலரையடி போய், எந்தப் பக்கமும் ஒரு நூல்கூட விலகாமல், ஓட்டை நட்டநடுவில் இருந்தது.

நேராத்தான்டா இருந்துச்சு. முழு நிலா.

முனி