அப்பாவின் பந்தய லைசென்ஸ்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று அம்மா தானாகவே முடிவு செய்துகொண்டு, அதற்குமேல் நலம் விசாரிக்க வேண்டாம், நேராக விஷயத்துக்கு வா என்கிறாள். அவள் கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பி உடைந்துபோனதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். சொல்வது பாதி, நான் நேரில் பார்த்தது பாதி. திட்டு முழுக்க அவளுடையது என்று நினைத்துக்கொள்ளாதே.

முதலில் நான் கவனித்தது ஒரு சின்ன விஷயம். பந்தயப் பள்ளியில் அப்பாவுக்குக் கொடுத்த காரில் ஓட்டுகிறவர் சீட்டைத் தவிர மற்றதையெல்லாம் பிடுங்கியிருந்தார்கள். அப்பா ஏறுவதற்கு முன் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், யாரும் உட்காரப்போகாத அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடி, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு வந்தார். பஸ்ஸை எடுப்பதற்கு முன் அவர் செய்கிற அதே சோதனை.

இந்தக் கூத்துக்கெல்லாம் நீதான் காரணம் என்று கொட்டை எழுத்தில் எழுதச் சொல்கிறாள் அம்மா. ஓய்வுக்குக் காலம் இருக்கும்போதே டிப்போவில் அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதும், ஏன் அனுப்பினார்கள் என்பதும் உனக்குத் தெரியும். நிறுத்தமோ நிறுத்தம் இல்லையோ, யார் கை காட்டினாலும் பஸ்ஸை நிறுத்துவார், எந்த நடையும் நேரத்துக்குப் போய்ச் சேராது. டைம் கீப்பர் எல்லோர் முன்னாலும் நத்தை என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு இவர் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நம் பழைய காரைக்கூடத் தொடவில்லை, கேட்டால்தான் பதில். நீ என்ன செய்தாய், அங்கிருந்தே படிவத்தை நிரப்பி, பொழுதுபோக்காகப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கிற பள்ளியில் அவரைச் சேர்த்துவிட்டாய். "சும்மா இருக்கிற மனுஷனுக்குப் பொழுது போகலைன்னா ஒரு ரேடியோ வாங்கித் தருவான் புள்ள, பந்தயத்துக்கா அனுப்புவான்" என்று அம்மா கேட்கிறாள். ஆனால் அந்த மனுஷன் உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுச் சாப்பாடு சாப்பிட்டார். லைசென்ஸை டைம் கீப்பர் மேஜையில் வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பி வர வேண்டுமாம். அது ஒன்றுதான் ஆசை என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

பள்ளி என்றால் பள்ளி ஒன்றும் இல்லை, தகரக் கொட்டகை, நாற்காலிகள், ஒரு கரும்பலகை. பாதியில் படிப்பை விட்ட எனக்கே அதைப் பார்த்தால் பாவமாக இருந்தது. சொல்லிக் கொடுக்கிறவர் கொட்டகைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. வளைவுகளைப் பற்றிப் பேசும்போது ஒவ்வொரு வளைவையும் அவரே பெற்று வளர்த்தது போலப் பேசினார். படிக்க வந்தவர்களில் ஒரு பல் டாக்டர், கையுறை, ஷூ, தொப்பி எல்லாம் ஒரே சிவப்பு, கோப்பையை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் பாட்டிலோடு கடைசி நாற்காலியில் இருந்தேன், யாரும் என்னோடு பேசவில்லை, அது ஒன்றுதான் அங்கே நன்றாக இருந்தது. மஞ்சள் கொடி தெரிந்தால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறைக்கலாம், யாரையும் முந்தக் கூடாது, ஆனால் நிற்கவே கூடாது என்று அந்தக் கறுப்புக் கண்ணாடி மூன்று நான்கு தரம் சொன்னார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அப்பா மெதுவாக ஓட்டினார் என்று நினைக்காதே. வளைவுகளில் காரைத் திருப்பிய அழகைச் சொல்லிக் கொடுக்கிறவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்த்தார். எல்லாம் கொடி வரும்வரைதான். தூரத்து வளைவில் கொடிக்காரர் மஞ்சள் கொடியோடு கையைத் தூக்கினார். நம் அப்பா ஓரம் கட்டி, அந்தப் பக்கத்துக் கதவு சரியாக அவருக்கு நேரே வரும்படி, உடம்பு குலுங்காமல் கொண்டுபோய் நிறுத்தினார். பின்னால் வந்த பல் டாக்டர் ஒடித்துத் திருப்பி மணலில் இறங்கி அச்சு வரை புதைந்தார். கொடிக்காரர் பதறிப்போய்க் குனிந்து என்ன ஆச்சு என்று கேட்க, அப்பா "எங்கங்க போகணும்?" என்றாராம். கொட்டகையில் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. லைசென்ஸ் கிடையாது, அடுத்த வகுப்பில் கொடிப் பரீட்சைக்கு மட்டும் வரட்டும், கை தூக்கினால் நிற்கிற ஆளைப் பந்தயத்தில் விட்டால் அவரும் சாவார் மற்றவரையும் சாகடிப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்பா மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அம்மா முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தட்டில் சோறு அப்படியே இருந்ததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "பேசாமடந்தை, கிளம்புடி" என்று என்னை இழுத்துக்கொண்டு, அப்பாவையும் காரையும் லாரி கோடவுனுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்துக்கு விரட்டிக்கொண்டு போனாள். நான் வேலை செய்கிற சீட் கவர் கடையில் மிஞ்சிய மஞ்சள் ரெக்சினை வெட்டிக் கொடி செய்திருந்தேன், அது அசையாமல் அட்டை மாதிரி நின்றது. நான் கையைத் தூக்க வேண்டும், அப்பா என்னைத் தாண்டிப் போக வேண்டும், இதுதான் பயிற்சி. "நல்லா தூக்குடி. ஸ்கூல்ல ஒரு நாள் கை தூக்கியிருப்பியா, பஸ்ஸுக்குக் கை காட்டக் கூச்சப்பட்டு, வர்ற பஸ்ஸையெல்லாம் விட்டு, கடைசியில படிப்பையும் விட்டவ" என்றாள். அவள் சொல்வது உண்மைதான். நான் கை காட்டாமலே நின்றது அப்பா ஓட்டிய பஸ் ஒன்றுதான்.

அண்ணா, ஒவ்வொரு தடவையும் நின்றார். என் முன்னால் கதவு வருகிற மாதிரி நின்றார். அம்மா பானெட்டைத் தட்டி, "பொண்ணு என்ன ஊருக்குப் போகவா நிக்கிறா, போங்க" என்று கத்துவாள். "கை காட்டுற ஆளைத் தாண்டிப் போனா முதுகு கூசுதுடி" என்பார் அவர். ஒரு பெரிய மனுஷன் இதைக்கூடச் செய்ய முடியாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வாரா வாரம் போனோம். உதட்டைக் கடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாள் தாண்டினார். அப்புறம் பார்த்துக்கொண்டே தாண்டினார்.

இன்று காலை கொடிப் பரீட்சை. எனக்கு வேறு வேலை இல்லையா என்று சொல்லி அம்மா வரவில்லை, ஆனால் அப்பா சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டாள். அதே கொடிக்காரர், இந்த முறை முன்ஜாக்கிரதையாக நன்றாகத் தள்ளி நின்றார். அப்பா வேகத்தைக் குறைத்தார், யாரையும் முந்தவில்லை, நிற்காமல் போனார். கறுப்புக் கண்ணாடிக்காரர் கை குலுக்கி லைசென்ஸ் அட்டையைக் கொடுத்தார். ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா, வாசலில் ஏற்றிக்கொள்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்பா நம் காரை எடுக்கப் போனார். நான் வாசலுக்கு வெளியே ரோட்டோரமாக நின்றேன். கார் வந்தது. கை காட்டினேன். என்னைப் பார்த்தார், சொல்லிக்கொடுத்தபடி வேகத்தைக் குறைத்தார், தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். முக்கில் திரும்பி வருவார் என்று பார்த்தேன். வரவில்லை.

வீட்டில் போய், "வாசல்லயும் கை காட்டி டெஸ்ட் வச்சா பாரு நம்ம பொண்ணு, அசரலயே நான்" என்று அப்பா சிரித்துச் சிரித்துச் சொன்னாராம். எத்தனை மாதம் கழித்துச் சிரிக்கிறார் என்று அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, சரி அவ எங்கே என்று கேட்டிருக்கிறாள். அவர் முகம் செத்துப்போய்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே வந்தேன். அம்மா இன்னும் நிறுத்தவில்லை. "ஊர்ல கை காட்டினவனுக்கெல்லாம் நின்ன மனுஷன், பெத்த பொண்ணை ரோட்டுல விட்டுட்டு வர்றதுக்கு ஒரு லைசென்ஸ், அதுக்கு ஒரு பள்ளிக்கூடம், அதுல சேத்துவிட ஒரு புள்ள" என்கிறாள். நாளைக்கு டைம் கீப்பரைப் பார்க்கப் போகிறார். அந்தச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

நீ நோய்நொடி இல்லாமல், நல்ல பெயரோடு, கைகால் பத்திரமாக இருக்க வேண்டும் என்று அம்மா வாழ்த்துகிறாள். இனிமேல் இந்த வீட்டில் யார் பெயரிலும் எந்தப் படிவத்தையும் நிரப்பாதே என்பதை மறக்க வேண்டாமாம். இவ்வளவும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் எப்படி வீடு வந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. அங்கேயே ரோட்டோரத்தில் நின்றிருந்தேன். அது நிறுத்தம் இல்லை. தூரத்தில் ஒரு பஸ் வந்தது, தெரியாத டிரைவர், நேரத்துக்குப் போய்ச் சேருகிறவர் ஓட்டுகிற வேகம். நான் ரோட்டுக்குள் ஒரு அடி எடுத்து வைத்துக் கையைத் தூக்கினேன்.

இப்படிக்கு,
சொன்னது அம்மா,
எழுதியது உன் தங்கை