பல் எடுக்கும் நாளில் அண்ணன் வருகிறார்

ஜெய்தூன்,

அசந்து தூங்குகிறாய்; எழுப்பவில்லை. பல் டாக்டரிடம் போகிறேன். இந்த வயதில் ஞானப்பல் தாடை எலும்போடு இறுகியிருக்குமாம், உடைத்துத்தான் எடுக்க வேண்டுமாம். வீக்கம் கழுத்துக்கு இறங்கிவிட்டது. இனித் தள்ளிப்போட முடியாது என்கிறார்.

கோழிக் குழம்பு அண்ணனுக்கு. எனக்குக் கஞ்சியை ஆறவைத்தால் போதும். தலையணையில் பழைய துணி விரித்து வை, ரத்தம் கசியும். பீரோ சாவி மாடத்தில் இருக்கிறது.

நம் மகள் ரஹ்மத்தைத் தன் மகனுக்குப் பேசி முடிக்கத்தான் அண்ணன் சாயங்காலம் நத்தத்திலிருந்து வருகிறார். அவள் ஆசிரியப் பயிற்சிக்குப் போகட்டும் என்று ராத்திரி நீ அழுதபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். "ஒங்க அண்ணனக் கண்டா ஒங்களுக்கு வாயே தொறக்காதே!" என்றாய். உண்மைதான். இன்று வாயில் பஞ்சு வைத்து விடுவார்கள், பேசவே கூடாதாம்.

அதனால் நீ பேசு. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பேசாதே. கூடத்துக்கு வந்து உட்கார்ந்து பேசு.

பின்குறிப்பு: நீ சொல்லி முடித்ததும் அண்ணன் என் முகத்தைப் பார்ப்பார். எவ்வளவு வலித்தாலும், அவர் கண்ணைப் பார்த்து, ஆமென்று தலையாட்டுவேன்.

நைனா