பேனரில் நீ சிரித்த காரணம்

இன்று காலை தொழிற்சாலை வாசலில் உன்னை மடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தொங்கிய பெரிய பேனரைத்தான் சொல்கிறேன். புதிய கம்பெனியின் பெயருக்கு மேலே, வாயைப் பொத்திக்கொள்ளக்கூட மறந்து நீ சிரிக்கிற அந்தப் படம். மழையிலும் வெயிலிலும் ஓரம் கிழிந்துவிட்டதாம், வேறு மாட்டப்போகிறார்களாம். ஒருவன் உன் நெற்றிப் பக்கம் பிடித்திருந்தான், இன்னொருவன் முகவாய்ப் பக்கம். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் ஈர பிளாஸ்டிக் வாடையில் அப்படியே நின்றுவிட்டேன்.

படம் எடுத்த நாள் உனக்கு மறந்திருக்காது. கேன்டீனில் கூட்டம் போட்டு, கம்பெனியை இரண்டாகப் பிரிக்கிறோம் என்று அறிவித்தார்கள். கார்களுக்கான மின்சுற்றுப் பலகை செய்யும் நீங்கள் பழைய கம்பெனி. மருத்துவக் கருவி செய்யும் நாங்கள் புதிய கம்பெனி. அதற்குப் பலூன் வேறு, கேக் வேறு. வருஷா வருஷம் டின்னரில் ‘நாம் ஒரே குடும்பம்’ என்று மைக்கைப் பிடித்துக் கத்தியவர்களுக்கு அன்று அந்த வார்த்தை நாக்கில் வரவே இல்லை. நீதான் என் காதில் சொன்னாய்.

“குடும்பம்னா ஒரு நாளைக்குப் பாகம் பிரிக்கத்தானே செய்வாங்க. பாத்திர பண்டத்தோட நம்மளையும் சேத்துப் பிரிக்கிறாங்க.”

பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய அதிகாரி திரையை விலக்கிப் புதிய பெயரைக் காட்டினார். எலவூரா. உயர்வு, வளர்ச்சி என்றெல்லாம் பொருள் தொனிக்க யாரோ மண்டையை உடைத்துக்கொண்டு உண்டாக்கிய பெயராம். எல்லாரும் தன்னோடு சேர்ந்து உரக்கச் சொல்லவேண்டும் என்றார். கேன்டீனே சொன்னது. நம் வரிசை மட்டும் வாயைத் திறக்கவில்லை. யார் வேலை தங்கும், யாரைக் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பத்து காவான் ஆலைக்குத் தூக்கியடிப்பார்கள் என்பதுதான் நம் பயம். நீ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ரொம்ப அக்கறையாகக் கேட்டாய்.

“எழவு ஊரா? அது எந்த ஊர்லா?”

அவ்வளவுதான். அடக்கிவைத்த பயமெல்லாம் சிரிப்பாக வெடித்தது. கேட்ட நீயே முதலில் சிரித்தாய். பக்கத்திலிருந்த சீனப் பெண்ணுக்கு மலாயில் விளக்கிச் சொன்னதும் அவளும் மேசையில் கவிழ்ந்துவிட்டாள். அதிகாரிக்கு மகா சந்தோஷம். பெயர் நமக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார். படம் எடுப்பவன் ஓடி வந்தான். கொஞ்ச நாளில் நீ வாசலில் தொங்கினாய். பழைய கம்பெனிக்காரியின் முகம், புதிய கம்பெனியின் சந்தோஷமாக! எடுக்கச் சொல்லு என்று நான் குதித்தேன். “விடுலா, தினமும் அவங்க மூஞ்சியப் பாத்துச் சிரிக்கலாம்ல,” என்றாய்.

அப்புறம் நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒரே கட்டடத்தின் நடுவே பலகைச் சுவர் எழும்பியது. உங்களுக்கு நீலப் பட்டை, எங்களுக்கு ஆரஞ்சுப் பட்டை, நாய்க்குக் கட்டுகிற மாதிரி கழுத்தில். கேன்டீனிலும் வேறு வேறு நேரம். நேரம் ஒத்துவந்த சின்ன ஓய்வில் மோட்டார் சைக்கிள் கொட்டகையில் நின்றபடி நம் சாப்பாட்டைப் பங்கு போட்டோம். ஒருநாள் அங்கே வந்த சூப்பர்வைசர், ரெண்டு கம்பெனி ரகசியம் பேசக்கூடாது என்று முறைத்தான். நீ டப்பாவை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாய். “ரகசியம் இல்ல, புளிச்சோறுதான் இருக்கு. வேணுமா?”

ஒரு விடியற்காலையில் நீ குளியலறையில் விழுந்தாய், பிறகு எழவே இல்லை. டாக்டர் இரத்தக்கொதிப்பு என்றார். ஆள் குறைந்த லைனில் உன்னை நிறுத்தி வேலை வாங்கியவர்கள்தான் காரணம் என்கிறேன் நான். செய்தி வந்தபோது நான் லைனில் இருந்தேன். லீவு கேட்டு எச்.ஆர். அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்தது நம்ம தமிழ்ப் பையன்தான்.

“நம்ம ஸ்டாஃப் இறந்தா அனுப்பலாம்கா. இவங்க நம்ம ஸ்டாஃப் இல்லலா, அது வேற கம்பெனி. ஷிப்டு முடிஞ்சி போங்களேன்.”

“இத்தன வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டவ, தம்பி. ஷிப்டு முடியிறதுக்குள்ள எடுத்துருவாங்க.”

“எனக்குப் புரியுதுக்கா. சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு.”

“அப்ப வாசல்ல தொங்குறது யாரு?”

அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அங்கிருந்து பேனரின் முதுகுதான் தெரியும், வெறும் வெள்ளை. “அது மார்க்கெட்டிங் போட்டதுக்கா,” என்றான்.

பட்டையைக் கழற்றி அவன் மேசையில் எறிந்துவிட்டுப் புறப்பட்டேன். கிரீன் லேன் சாலை முழுக்க ஜாம். டத்தோ கிராமாட்டில் உன் வீட்டுக்குள் நுழைந்தபோது தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். “இப்பத்தான் எடுத்தாங்கக்கா,” என்று உன் தங்கை என்னைக் கட்டிக்கொண்டாள். உன் முகத்தை ஒரு தடவை பார்க்கத்தான் வந்தேன். அதை எனக்குக் கொடுக்காத அந்தக் கம்பெனியை நான் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை.

மறுநாள் பட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள், கூடவே ஒரு எச்சரிக்கையும். வேலை வேண்டுமே, வாங்கிக்கொண்டேன். வாசலில் நீ பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாய். அன்று எனக்கு உன்மேலும் கோபம் வந்தது.

இன்று காலை அந்தப் பேனரை எனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டேன். குப்பைக்குப் போவதுதானே, கொடுத்துவிட்டார்கள். “எதுக்குக்கா, கூரைக்கா?” என்றார் வாசல் காவலர். ஆமாம், கூரைக்குத்தான் என்றேன்.

வேலை முடிந்து வந்து, பாயான் பாருவிலுள்ள என் வீட்டில் சோபாவை நகர்த்திவிட்டு உன்னைக் கூடத்தில் விரித்தேன். கூடம் முழுக்க நீதான். ஈரத்துணியால் கன்னத்து அழுக்கைத் துடைத்தேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்துவந்தேன். கீழே இருக்கிற அந்தப் பெயரை வெட்டி எறிந்துவிட்டு உன்னை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான்.

முதல் எழுத்தில் கத்தரியை வைத்தபோது உன் குரல் கேட்டது. எந்த ஊர்லா? வெறும் வீட்டில் தனியாக உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அந்தப் பெயர் இல்லாவிட்டால் நீ எதற்குச் சிரிக்கிறாய் என்று எனக்கே ஒருநாள் மறந்துவிடும். கத்தரிக்கோலைத் திரும்ப வைத்துவிட்டேன். அந்த எழவையும் உன்னோடு சேர்த்தே மடித்து, என் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.